ஏழாம் எண் கடை

நல்ல மத்தியான வெயில். ஜன்னலுக்கு வெளியே பாலாறு வெறும் மணலாகக் கிடக்கிறது. கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணைப் பாதி மூடியபடி படுத்திருக்கிறார். அருகே முக்காலியில் சுலைமான் பாய். அவருடைய வலது கையும் வெள்ளைக்காரருடைய இடது கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கின்றன. நான் கால்மாட்டில் நிற்கிறேன். என் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பதினாலு கடைகளின் பெயர்கள், இடப்பக்கம் ரஷ்ய மொழியில், வலப்பக்கம் இங்கிலீஷில்.

"கேளு நடேசா. மீன் கடைக்கு அப்பால இன்னா கடைன்னு கேளு," என்கிறார் பாய்.

கேட்டேன்.

துண்டு அசைந்தது. அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தக் கதையில் மற்றதெல்லாம் எப்படியோ, இந்த ஒன்றுக்கு மட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

போன வாரம் குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "எல்லாம் சிரிப்பும் கேலியுமாகவே போகிறதே, நீங்கள் பயந்த சம்பவம் ஒன்றுகூடக் கிடையாதா?" என்று கேட்கிறார். கிடையாது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். இந்த வயதில் பொய் சொல்லச் சோம்பலாக இருக்கிறது. ஒரு பெரிய பொய்யை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன், அதுவும் ஒரு காரணம். அதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

ரஷ்யா தொரை

அப்போது எனக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதுவது என் வேலை. நெசவு வீட்டுப் பிள்ளை மெட்ரிக் முடித்தான் என்றால் ஊரில் அவனைக் கலெக்டர் என்றே நினைத்துக்கொள்வார்கள். என் இங்கிலீஷின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். கப்பலில் நனைந்துபோன தோல் மூட்டைக்கு நஷ்டஈடு கேட்கும் இங்கிலீஷ் அது. வேறு எதற்கும் உதவாது.

எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவதுதான் வழக்கம். உப்பு மருந்து போட்டுப் பதனிடும் புதுமுறை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லித்தர முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒரு ரஷ்யரை வரவழைத்தார். பெயர் செர்கேய் பாவ்லோவிச். புரட்சி நடந்தபோது நாட்டை விட்டு ஓடி, சீனா, பர்மா என்று அலைந்து வந்தவர். தொழிற்சாலையில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'ரஷ்யா தொரை' என்றே கூப்பிட்டோம்.

தொரைக்கு இங்கிலீஷில் இருநூறு வார்த்தை தெரியும். தமிழில் நாற்பது தெரியும். அந்த நாற்பதில் பாதி, பட்டை வண்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்டவை. அவற்றை இங்கே அச்சிடப் பத்திரிகை ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

சாப்பாட்டு வேளையில் ஆட்கள் எல்லாம் மரத்தடியில் சாய்ந்திருக்கும்போது தொரை ஒரு காரியம் செய்வார். தோல் உலர்த்தும் முற்றத்தில் வரிசை வரிசையாகக் கழிகளில் தோல்கள் தொங்கும். நடுவே நடைபாதை. அந்தப் பாதையில் தொப்பி வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். தொங்குகிற தோலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி லேசாகக் குனிவார். ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். பிறகு பத்தடி நடப்பார், மறுபடி நிற்பார், வேறு ஒரு வார்த்தை. இப்படி எட்டு இடம்.

நாலாவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் நடுவே மட்டும் வேறு மாதிரி. அங்கே வந்ததும் தலையைக் குனிந்துகொள்வார். பாதையின் எதிர்ப்பக்கம் மாறி, விடுவிடுவென்று நடந்து, தாண்டியபின் மறுபடி இந்தப் பக்கம் வருவார்.

முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். அப்புறம் பழகிவிட்டது. ஒரு நாள் பட்டை சுமக்கும் முனியம்மா கூடையோடு அந்த இடத்துக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்ததைப் பார்த்தேன்.

"ஏம்மா, நேரா போனா இன்னா?"

"தெரியலீங்க. அங்க வந்தா கால் தானா திரும்புது."

நன்றாகச் சிரித்தேன். படிக்காத ஜனங்கள் என்று ஆபீஸில் போய் கேலி பேசினேன். சாயங்காலம் சரக்கு எண்ண நானே முற்றத்துக்குப் போனபோது, பாதி வழியில் நின்றேன். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. எத்தனை நாளாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

பெட்டியில் வந்த பேப்பர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். வறுத்த கடலை கட்டிய காகிதத்தைப் படித்துக்கொண்டே கடலையை மறந்தவன் நான்.

ஒரு தடவை கப்பலில் தோலுக்குப் போடும் மருந்துப் பெட்டி வந்தது. சீசாக்களைச் சுற்றியிருந்தது கிழக்குத் தேசத்துத் துறைமுகம் ஒன்றின் இங்கிலீஷ் செய்தித்தாள், சில மாதங்கள் பழையது. அதில் ஓர் அறிவிப்பு. அகதிகளுக்கு உதவும் ஒரு காரியாலயம் போட்டது.

விஷயம் இதுதான். அகதிகள் நிறைந்த ரயிலில் ஐந்து வயதுப் பெண்குழந்தையாக வந்து, அந்த ஊர் மிஷன் விடுதியில் வளர்ந்த ரஷ்யப் பெண் ஒருத்தி. இப்போது இருபதை நெருங்குகிறாள். தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் அவளுக்கு நினைவில்லை. ஒரு தெரு மட்டும் நினைவிருக்கிறது. ஒரு சாரி முழுவதும் சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடைகள். யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தது நினைவிருக்கிறது. மகளைத் தொலைத்தவர் எவராவது இருந்தால், தங்கள் தெருவின் கடைகளை வரிசை தவறாமல் இங்கிலீஷில் எழுதி அனுப்பலாம்.

ரஷ்யா சமாச்சாரமாயிற்றே என்று தொரையிடம் வாசித்துக் காட்டினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும். நாலாம் தடவை வாசித்தபோது அந்த மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மகள்," என்றார். "லீஸா. அஞ்சு வயசு."

"இப்ப எங்க இருக்காங்க தொரை?"

தோல் உலர்த்தும் முற்றத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"தெரு," என்றார்.

முறுக்கு தொங்கும் கடை

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளையில் நானும் அவரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். அவருக்குத் தெரிந்த உணவுக் கடை வார்த்தைகளை எல்லாம் முதலில் எழுதிக்கொள்வது, இங்கிலீஷில் மாற்றுவது, பிறகு தெருவில் இருந்தவற்றை வரிசைப்படுத்துவது என்று ஏற்பாடு. அவர் தன் எழுத்தில் எழுதி எண் போடுவார். எதிரே நான் எழுத வேண்டும்.

எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன்.

"புலச்னயா" என்றார். என்ன விற்பார்கள் என்றேன். ரொட்டி. வாசலில் என்ன அடையாளம் என்றேன். கையைக் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினார். கடைசியில் புரிந்தது. மரத்தில் செய்து தங்க வர்ணம் பூசிய ஒரு பெரிய முறுக்கு வாசலில் தொங்குமாம். எழுத்துத் தெரியாதவனும் அதைப் பார்த்து ரொட்டிக் கடை என்று தெரிந்துகொள்வானாம். முறுக்குக்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது? படமே வரைந்துவிட்டேன்.

"மலோச்னயா" பால் கடை. எனக்கு வியப்பாகப் போயிற்று. எங்கள் ஊரில் பால் மாட்டோடு வாசலுக்கு வரும். பாலுக்கென்று கதவும் ஜன்னலும் வைத்த கடையை நான் கண்டதில்லை. மாவுக்கு ஒரு கடை, மீனுக்கு ஒரு கடை, மிட்டாய்க்கு ஒரு கடை. "ஏன் தொரை, உங்க ஊர்ல ஒரே மளிகைக் கடைல எல்லாத்தையும் வெக்க மாட்டாங்களா?" என்றேன். மளிகைக் கடையும் இருக்கிறது என்றார். அது "பகலேயா". நீலக் காகிதம் சுற்றிய கூம்புச் சர்க்கரை, தேயிலை, மிளகு, ஏலக்காய். பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில் நம் பக்கத்து மிளகு போய் உட்கார்ந்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வேலையில் மூன்றாவது ஆளாகச் சுலைமான் பாய் சேர்ந்துகொண்டார். ஒடுகத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத் தோல் வாங்கி எங்களுக்குக் கொண்டுவருகிறவர். ஐம்பது வயது, அத்தர் வாசனை, ஓயாத பேச்சு. தொரை "சாய்னயா" என்றதும் துள்ளி எழுந்தார்.

"அரே, சாய்! டீக்கடைதான? நம்ம பாஷைலயே பேசறாரு தொரை!"

எனக்கு இருந்த கவலை வேறு. அந்தப் பெண் மிஷன் விடுதியில் இங்கிலீஷ் கற்றவள். மளிகைக்கு நான் ஒரு வார்த்தை எழுத, அவள் மனதில் வேறு வார்த்தை இருந்துவிட்டால்? என் இங்கிலீஷால் ஒரு தகப்பனுக்கு மகள் இல்லாமல் போய்விடுமே. அதனால் ஒவ்வொரு கடைக்கும் இரண்டு வார்த்தை எழுதி, என்ன விற்பார்கள், என்ன வாசனை, வாசலில் என்ன தொங்கும் என்றும் சேர்த்தேன். என் ஜன்மத்தில் அவ்வளவு ஒழுங்காக இங்கிலீஷ் எழுதியதில்லை.

பதினாலு வார்த்தை ஆயிற்று. பிறகு தொரை பேனாவை வாங்கித் தன் தெருவில் இல்லாத கடைகளை அடித்தார். ஆறு கடைகள். ஐந்தை மெல்லிய கோடாக அடித்தார். ஏழாம் எண்ணை அடித்தபோது பேனா முள் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த மூன்று பக்கத்துக்கு மை இறங்கிவிட்டது.

"மியஸ்னாயா", கறிக்கடை.

"இது உங்க தெருவுல இல்லியா தொரை?"

"இல்லை," என்றார். "இல்லவே இல்லை."

அவர் எழுந்து போனபின் பாய் அந்தக் கிழிந்த காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "வாய் சொல்லிச்சி," என்றார். அவ்வளவுதான். மிச்சம் எட்டுக் கடைகளை வரிசையாக எழுதித் தபாலில் சேர்த்தேன்.

துண்டு

பாய் சொன்னதன் பொருள் தெரிய வேண்டுமானால் தோல் சந்தையைப் பார்த்திருக்க வேண்டும்.

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. நாலு விரலைப் பிடித்தால் நாலு. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. முழுக் கையைப் பிடித்து விட்டு, அப்புறம் இரண்டு விரலைப் பிடித்தால் ஏழு. சுற்றி நிற்கிற வியாபாரிகளுக்கு உண்மை விலை தெரியக்கூடாது. அதற்காக வாய் பாட்டுக்கு, "அய்யோ, கட்டாது! என்னைக் கொல்றியா!" என்று கண்டதைக் கத்திக்கொண்டிருக்கும். அதற்கும் கைக்கும் சம்பந்தம் கிடையாது. வாய் பொய் சொல்லலாம், அது குற்றமில்லை. கை கொடுத்ததை மட்டும் யாரும் மாற்றமாட்டார்கள். கையால் பொய் சொன்னவனோடு பிறகு எந்தச் சந்தையிலும் எவனும் துண்டு போட மாட்டான்.

தொரைக்கு இந்த வழக்கத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். பாயோடு ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். ஆபீஸில் பாயைப் பார்த்தாலே துண்டை எடுத்துக்கொண்டு வருவார். மொழி தெரியாத மனிதருக்கு, மொழியே வேண்டாத ஒரு பேச்சு கிடைத்த சந்தோஷம்.

காரியாலயத்தின் கேள்வி

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தொரை என் மேஜை அருகே நின்றிருந்தார். பிரித்து, வாசித்தபடியே தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

அவர் எழுதிய எட்டுக் கடைகளும் அந்தப் பெண் சொன்னவற்றோடு பொருந்துகின்றன. ஆனால் மீன் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே ஒரு கடை விடுபட்டிருக்கிறது. தானே தகப்பன் என்று இன்னொரு மனிதரும் மனுப் போட்டிருக்கிறார், அவர் ஒன்பதையும் சரியாக எழுதியிருக்கிறார். ஆகவே விடுபட்ட கடை எது என்று இந்தக் கடிதத்தில் குறித்த தேதிக்குள் எழுத வேண்டும். தவறினால் பெண் அந்த இன்னொருவருடன் அனுப்பப்படுவாள்.

"தொரை, அது இன்னா கடை? சொல்லுங்க, இன்னைக்கே எழுதிடலாம்."

தொரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று முற்றத்தில் நடக்கவில்லை. மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். சாப்பிடுகிற இடத்துக்கே போய் நின்று கேட்டேன். பிடிவாதக்காரன் என்று எனக்குப் பேர். அவருடைய மகளுக்காக அவரை விட நான்தான் துடிக்கிறேன் என்று ஒரு நினைப்பு வேறு.

நாலாம் நாள் காலையில் தொரைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஓர் அறை. அங்கே கிடந்தார். ஆம்பூரிலிருந்து டாக்டர் ஒருவர் ஜட்கா வண்டியில் தினமும் மத்தியானம் வந்து பார்ப்பார். நான் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கண்ணுக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு கடையாக விரல் வைத்துக் காட்டுவேன். கண் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். கறிக்கடை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அடித்த கடைகள் ஆறு. தப்பாக எழுதினால் மறுபடி கேட்கமாட்டார்கள். ஊகத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து நாள் இப்படிப் போயிற்று. அன்று சாயங்கால ரயில் தபாலை விட்டால் கடிதம் குறித்த தேதிக்குள் போய்ச் சேராது. அன்றுதான் சுலைமான் பாய் ஊர் சுற்றி முடித்துத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீ கேக்கற விதமா கேக்கல," என்றார். தோளிலிருந்த துண்டை உதறினார்.

அந்த மத்தியானம்

வாசலில் இருந்த சமையல்காரன், "காலைலேர்ந்து தூங்கறாருங்க, கஞ்சி கூட குடிக்கல," என்றான்.

பாய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொரையின் இடது கையை எடுத்துத் தன் வலது கைக்குள் வைத்துத் துண்டைப் போட்டார். பிறகு சந்தையில் கத்துவது போலவே ஆரம்பித்தார்.

"இன்னா தொரை, நாலு குடுக்கறதா? நாலுக்குக் கட்டுமா எனக்கு? என் புள்ளைங்க இன்னா சாப்புடும்? ஜாஸ்தி கேக்கறியே தோஸ்த்!"

அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் நன்றாக இல்லை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் என்னைக் கேட்கச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, "தொரை, மீன் கடைக்கு அப்புறம் எந்தக் கடை? நம்பர் மட்டும் குடுங்க," என்றேன்.

துண்டு அசைந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அசைந்தது.

பாய் கத்துவதை நிறுத்தினார். அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏழு," என்றார்.

நோட்டுப் புத்தகத்தில் ஏழாம் எண்ணைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கிழிசல் விரலிலேயே தட்டுப்பட்டது.

"பாய், சரியா ஏழுதானா?"

பாய் கையை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "வுடு தொரை, முடிஞ்சிபோச்சி, வுடு," என்று கெஞ்சினார். வெளியே ஜட்கா வந்து நின்றது. டாக்டர் பையோடு உள்ளே வந்தார்.

கழுத்தில் கை வைத்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். துண்டை எடுத்தார். தொரையின் கை பாயின் இரண்டு விரல்களைப் பிடித்திருந்தது. டாக்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். பிரிக்கும்போது காய்ந்த சுள்ளி மாதிரி சத்தம் வந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு," என்றார். "ஏழெட்டு மணி நேரம் ஆயிருக்கும். கட்டை மாதிரி விறைச்சிருக்கு. யாரும் பாக்கலியா?"

"இல்லீங்க டாக்டர்," என்றார் பாய். "இப்பத்தான் கை குடுத்தாரு."

"விறைச்ச கைக்குள்ள விரலை வுட்டா மாட்டிக்கத்தான் செய்யும்."

"மொதல்ல முழுக் கைய புடிச்சாரு. வுட்டாரு. அப்புறம் ரெண்டு வெரல். விறைச்ச கை வுட்டுட்டு புடிக்குமா?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க," என்றார்.

தபாலுக்கு நாலு மணி நேரம்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பிணத்தை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடி, டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். 'மீன் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே இருந்தது கறிக்கடை' என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. கீழே தொரையின் பெயர். அவர் இறந்ததை எழுதவில்லை. எழுதினால், இறந்தவர் எப்படிப் பதில் சொன்னார் என்று கேட்பார்களே. ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

லீஸாவின் கடிதம்

அடுத்து வந்த கவர் காரியாலயத்துடையது அல்ல. கையால் எழுதிய விலாசம். தொரையின் பெயருக்கு வந்திருந்தது. பிரிக்க எனக்கு உரிமை இல்லை, பிரித்தேன். பாய் பக்கத்தில் இருந்தார். நல்ல, தெளிவான இங்கிலீஷ். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"அன்புள்ள அப்பா, அந்த இன்னொருவர் ஒன்பது கடைகளையும் சரியாக எழுதியிருந்தார். அவரும் நம் ஊர்க்காரர். ஊர்க்காரர் யாரும் எழுதலாம். உங்கள் முதல் கடிதத்தில் கறிக்கடை இல்லை. அதைப் பார்த்ததுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. அறிவிப்பில் சேர்க்காமல் வைத்திருந்தேன், அந்தக் கடை வாசலில்தான் என்னை நிற்கச் சொன்னீர்கள். சிப்பாய்கள் வந்தார்கள். தெருவின் கோடியில் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச் சாரிக்குப் போனீர்கள். நீங்கள் நின்றிருந்தால் உங்களைச் சுட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கடையை எழுத முடியாதவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று காரியாலயத்தில் சொன்னேன். அவர்கள் அதை ஏற்கவில்லை. இரண்டாம் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்து அழுதேன். அதைச் சொல்ல உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! உங்களைச் சொல்ல வைத்ததற்கு என்னை மன்னியுங்கள்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொரை வாயால் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்த ஒன்றை, மகளுக்குத் தேவையே இல்லாத ஒன்றை, சாப்பாட்டு இடத்தில்கூட நின்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியில்தான் அவர் விழுந்தார். செத்த பிறகும் விடாமல் கேட்டேன்.

பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதினேன். 'உங்கள் தகப்பனார் இறந்துவிட்டார். இரண்டாம் கடிதம் அவருடையது அல்ல. இங்கே குமாஸ்தாவாக இருக்கும் நான் ஊகத்தில் எழுதி அனுப்பியது. அந்தக் கடையின் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.'

வாசித்துக் காட்டியபோது பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு கை குடுத்தாரு நடேசா. கை குடுத்தத இல்லன்னு எழுதறியா?"

"அந்தப் பொண்ணுக்காக, பாய்."

"அவரு பெத்த பொண்ணு. போறப்போ அவரு சொன்ன ஒரே உண்மை அது. அத நீ எப்பிடி இல்லன்ன?"

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தோல் கொண்டுவந்தால் குடோனில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சந்தையிலும் துண்டு போடுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எல்லோர் எதிரிலும் வாயாலேயே விலை சொல்வாராம். மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

பெண்ணிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. நன்றி, அவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதே போதும் என்று எழுதியிருந்தாள். ஏதோ ஒரு தூர தேசத்துக்குக் கப்பல் ஏறப் போவதாகவும் இருந்தது.

பாய் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. துண்டுக்கு அடியில் நடந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாய் கையால் பொய் சொல்லும் மனிதர் இல்லை, அது தெரியும். அவர் சொன்னதுதான் உண்மை என்று இதோ அச்சில் எழுதிவிட்டேன். அந்தப் பெண் இருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பாள். எந்த தேசத்தில் இருந்தாலும் அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.